மண்டியிட்டிருப்பது நான்

சாம்பல் காரத்திலும் சோடா நீரிலும் முப்பது வருஷம் ஊறிய கை என்னுடையது. எழுத்து கோடு பிடித்து வராது. ஓரிடத்தில் மேலேறும், ஓரிடத்தில் சரியும். வாசிக்கச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் படித்ததே நாற்பத்தாறு வயதில்தான்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வாசல் கூடத்தில் தொங்கும் பெரிய படத்தைப் பார்த்ததாகவும், நடுவில் நிற்கிற பெண்ணின் முகம் உங்களுடைய முகம் மாதிரியே இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் தாயார் ஒனொரின்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள்தான். அந்தக் காலத்து ஆட்களில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். அதுவும் சரி. அவளுடைய கடைசிக் காலம் எப்படி இருந்தது என்று எழுத முடியுமா என்று மரியாதையாகக் கேட்கிறீர்கள். முடியும். வேறு யாராலும் முடியாது.

படத்தை நீங்கள் ஒருமுறைதான் பார்த்திருப்பீர்கள். நான் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். முற்றம், இலை உதிர்ந்த மரங்கள், கறுப்பு அங்கி போட்ட வைத்தியர் கையைத் தூக்கி உத்தரவு கொடுக்கிறார். படம் எழுதும்போதே எண்பது வருஷத்துக்கு முந்திய கதை அது: பைத்தியங்களைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று ஒரு நல்லவர் சொல்லி, இரும்பையெல்லாம் கழற்றிய நாள். நடுவில் உங்கள் தாயார், இடுப்பில் இரும்புப் பட்டை. அவள் காலடியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பணிப்பெண் மண்டியிட்டுச் சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் பெரும்பாலும் வைத்தியரைப் பார்ப்பார்கள், பிறகு உங்கள் தாயாரை. சிலர் மட்டும் அந்தப் பணிப்பெண்ணைக் காட்டி, "பாருங்க, என்ன இரக்கமான முகம்" என்பார்கள்.

மண்டியிட்டிருப்பது நான்.

உங்கள் தாயார் எங்களிடம் வந்தது முற்றுகைக் குளிர்காலம் முடிந்த மார்ச் மாதத்தில். எதிரிப் படை நகரைச் சுற்றி வளைத்து, பாரிஸ் முழுக்கக் குதிரைக்கறி தின்ற குளிர்காலம் அது. உங்கள் தம்பி பால் கிடைக்காமல் செத்துப்போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பிறகு அவள் ஒரு தலையணை உறையைச் சுருட்டி வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். எங்களிடம் வந்த பிறகு ஆட்டுவதும் நின்றுபோய், முற்றத்து மரத்தடியில் கையைத் தொங்கவிட்டு நிற்பாள். இரண்டு முழ தூரத்தில் ஏதோ இருப்பதுபோலவும், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போவதுபோலவும் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாலரை வருஷம் அப்படித்தான்.

அவள் அப்படி நிற்கும்போதுதான் ஓவியர் பிரிஸார் ஐயா பார்த்தார். அவள் வந்த ஐந்தாம் வருஷம் இலையுதிர்காலத்தில், படம் எழுத அரசாங்க அனுமதியோடு வந்திருந்தார். நல்ல மனிதர். பணிப்பெண்களிடம்கூடத் தொப்பியைத் தொட்டுத்தான் பேசுவார். பெரிய தாளில் அவளை ஒரு மணி நேரம் கரிக்கோலால் கிறுக்கினார். பிறகு நான் அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனபோது, "ஏம்மா, நீங்க கொஞ்சம் குனியுங்க... ஆங், அப்படியே. உங்களையும் போட்டுக்கறேன்" என்றார்.

பழைய தையல் கூடத்தை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் என் முகத்தை மட்டும் பதினொரு நாள் எழுதினார். என் முகத்தை அதுவரை யாரும் பதினொரு நிமிஷம் பார்த்ததில்லை. ஊரில் என்னைப் பார்த்தது மாடுகள். இங்கே பார்ப்பது, நான் யாரென்று அறியாத கண்கள். என்னோடு வேலை பார்த்த ஸெலி சலவைத் தொட்டியில் நின்றுகொண்டு கத்துவாள்: "வழி விடுங்கடி, மந்திரி வீட்டுச் சுவத்துல தொங்கப் போற சீமாட்டி வர்றாங்க. ஸொலான்ஜக்கா, அந்தச் சுவத்துல இருந்துக்கிட்டு எங்களையும் கொஞ்சம் பாத்துக்கோ." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் தம்பிக்கு ஆள் பிடித்துக் கடிதம் எழுதச் சொன்னேன்: உன் அக்காளின் முகம் மே மாதம் ஓவியக் கண்காட்சியில் இருக்கும், பாதிரியாரிடம் சொல்.

ஓவியர் உங்கள் தாயாரின் முகத்தையும், சாவி பிடித்த என் கைகளையும் கடைசிக்கு வைத்தார். கை எழுதப் பழைய இரும்பு வேண்டும், அது கிடங்கில் எங்கேயோ கிடக்கிறது என்றார்கள். முகத்துக்கு அவர் சொன்ன காரணம் வேறு: "அது இந்தப் படத்தோட உசிரு. அதை முதல்ல எழுதிட்டா மத்ததெல்லாம் சப்புன்னு ஆயிடும்." நாலரை வருஷம் மாறாத முகம் நாலு மாதத்தில் எங்கே போய்விடும் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

போய்விட்டது. நவம்பரில் ஒரு நாள் தையல் அறையில் ஆள் குறைந்தது. ஆஸ்பத்திரித் துணி ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் எழுத்தும் எண்ணும் போட வேண்டும், இல்லாவிட்டால் சலவையில் கலந்துவிடும். சும்மா நின்றிருந்த உங்கள் தாயார் மடியில் யாரோ ஒரு விரிப்பைப் போட்டார்கள். அவள் கல்யாணத்துக்கு முன் அந்தத் தொழில்தான் செய்தாளாம், எங்களுக்குத் தெரியாது. கை தானாகவே ஊசியை எடுத்தது. சாயங்காலம் வரை பன்னிரண்டு விரிப்பு. பதின்மூன்றாவதை எடுக்கும்போது, "இந்த நூல் சாயம் போகுமே, யார் வாங்கினது?" என்றாள். நாலரை வருஷத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

டிசம்பரில் சாப்பிட்டாள், ஜனவரியில் சிரித்தாள். உங்களைப் பற்றிப் பேசினாள். ஓர்லேயான் ஊரில் அத்தை வீட்டில் வளர்கிறாள், என் எர்மின், பதினொரு வயசு, வர்ற ஜூன்ல கோயில்ல முதல் தடவையா நற்கருணை, புதுநன்மை வாங்கப் போறா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வைத்தியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஈஸ்டருக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று உங்கள் அத்தை எழுதியிருந்தார். புதுநன்மைக்கு நீங்கள் போட்டுக்கொள்ள வெள்ளை முக்காடு ஒன்று தைக்கத் தொடங்கினாள்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். என் ஏப்ரன் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக் காட்டுவாள். நான் பக்கத்தில் போட வேண்டும். தப்பாகப் போட்டால், "அக்கா, இது எழுத்து இல்ல, தவளை. பிரிச்சுட்டு மறுபடி போடு" என்பாள். பிப்ரவரிக்குள் வாசிக்க வந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் பகுதியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார்கள். ஒவ்வொரு நோயாளியும் எப்படி இருந்தாள் என்று தினமும் இரண்டு வரி எழுத வேண்டும், பெரிய டாக்டர் வியாழக்கிழமை வந்து வாசிப்பார். எழுதத் தெரிந்த பணிப்பெண் நான் ஒருத்திதான். முதல் வரி இன்னும் நினைவிருக்கிறது. "ஒனொரின். சாப்பிட்டாள். தைத்தாள். பாடினாள்." அவளே பிழை பார்த்துக் கொடுத்தாள். பெரிய டாக்டர் அந்த வியாழக்கிழமை என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லா எழுதறியே" என்றார்.

பிப்ரவரி நடுவில் ஓவியர் முகத்தை எழுத அழைத்தார். அவளை அழைத்துக்கொண்டு போனேன். அவர் கிறுக்கல் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தூரிகையைக் கீழே வைத்தார்.

"வணக்கம் ஐயா," என்றாள் அவள். "எங்க நிக்கணும்? வெளிச்சத்துலயா?"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "குணமாயிட்டாங்க. ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இது நல்லா இருக்கற தையல்காரி முகம். எனக்கு மரத்தடியில பார்த்தேனே, அந்தப் பொம்பள வேணும்." அவருக்குக் கோபமே இல்லை. நாடகக் கொட்டகைப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள், எந்த முகம் கேட்டாலும் காட்டுவாள், அவளை வரச்சொல்கிறேன் என்றார். "அவ அக்காளும் கூடவே வருவா. மண்டி போட அவ போதும். உங்களுக்கு இனிமே சிரமம் வேண்டாம்மா. உங்க முகத்துல சாயம் இன்னும் காயல, சுரண்டினா வந்துடும்."

அவர் எதையும் செய்யச் சொல்லவில்லை. அதை நான் எழுதியாக வேண்டும். நான்தான் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். "இந்த நோய் போயிட்டுப் போயிட்டு வரும் ஐயா," என்றேன். "சரி, பாக்கலாம்" என்றார்.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. கண்காட்சிக்குப் படம் மார்ச் இருபதுக்குள் போய்ச் சேர வேண்டும். ஈஸ்டர் ஏப்ரல் பதினாறு. நடுவே நாலு வாரம் இருக்கிறது. அவளுக்கு எதுவும் குறையப் போவதில்லை. கொஞ்ச நாள் முகம் வாடினால் போதும், பிறகு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். படம் நல்ல காரியத்துக்கான படம். மந்திரிகள் பார்ப்பார்கள், பைத்தியங்களும் மனிதர்கள்தான் என்று நாடு தெரிந்துகொள்ளும், புதுக் கட்டில் வரும் என்றெல்லாம் மேலாள் அம்மா சொல்லியிருந்தார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் அவள் கட்டிலை அமைதிப் பகுதியிலிருந்து கூச்சல் பகுதிக்கு மாற்றினேன். சுவர் பூசுகிறார்கள் என்று சொன்னேன். அவள் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை; கண்ணுக்குக் கீழே கறுத்தது; ஆனாலும் தைத்தாள், உங்களைப் பற்றிப் பேசினாள். அப்போது உங்கள் கடிதம் வந்தது. கடிதங்கள் என் கைக்குத்தான் வரும். நான் வாழ்நாளில் யார் துணையும் இல்லாமல் முழுதாக வாசித்த முதல் கடிதம் நீங்கள் எழுதியது. ஏழு வரி. முக்காட்டில் உங்கள் பெயரெழுத்தை வெள்ளை நூலில் போடச் சொல்லியிருந்தீர்கள், சிவப்பு வேண்டாம், மற்றப் பெண்கள் சிரிப்பார்கள் என்று. வாசித்து முடித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. பிழையில்லாமல் வாசித்துவிட்டேன். மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

"கடுதாசி வந்துதா அக்கா?" என்று தினமும் கேட்டாள்.

"வரல."

"வெள்ளிக்கிழமை போட்டுடுவாளே."

"பிள்ளைங்கதானே, மறந்திருக்கும்."

மூன்று கடிதம் அதன் பிறகு வந்தது. நாலும் இத்துடன் இருக்கிறது.

அப்போதும் அந்த முகம் வரவில்லை. வருத்தமான முகம்தான் வந்தது. வருத்தம் வேறு, அது வேறு. ஓவியர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். எனக்கு ஏழு நாள் மிச்சமிருந்தது. அன்று சாயங்காலம் நோட்டில், "ஒனொரின். தூங்கவில்லை. கத்தினாள்" என்று எழுதினேன். டாக்டர் வாசித்து அமைதி மருந்து கொடுப்பார், முகம் மந்தமாகும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். மறுநாள், "கத்தினாள். ஊசியைக் காட்டி மிரட்டினாள்" என்று எழுதினேன். ஊசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நூலும் போனது. மூன்றாம் நாள் குளிர்நீர்த் தாரையில் நிறுத்தச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டுப் போனார். நான்தான் கூட்டிப் போனேன். தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தது. என் கையும் மரத்துப்போனது.

நான் எழுதுவதை வழக்கமாக அவள் பிழை பார்ப்பாள் என்று சொன்னேன் அல்லவா. கொஞ்ச நாளாக நான் காட்டவில்லை. நாலாம் நாள் நான் துணி எடுக்கப் போன நேரத்தில் நோட்டு மேசைமேல் இருந்தது. திரும்பி வந்தபோது அவள் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றாள். கூந்தல் ஈரமாக இருந்தது.

"அக்கா, நான் நேத்து கத்தினேனா?"

அப்போது நான், இல்லை, தப்பாக எழுதிவிட்டேன், பிரித்துவிட்டு மறுபடி போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"ஆமா," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே."

"உனக்கு எப்படித் தெரியும்? கத்தறவங்களுக்குத் தெரியாது."

"நான் நல்லாத்தான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் அக்கா."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க இங்க."

அவள் இன்னொரு முறை அந்த வரியை வாசித்தாள். என் எழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கொடுத்த எழுத்து. அதை அவள் நம்பினாள். நோட்டை மூடி, ஓரம் பார்த்து நேராக வைத்தாள். பிறகு ஜன்னலிடம் போய்க் கையைத் தொங்கவிட்டு நின்றாள். இரண்டு முழ தூரத்தில் ஏதோ தள்ளிப்போவதுபோல அவள் பார்த்தாள். நான் ஓவியருக்கு ஆள் அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை கிடங்கிலிருந்து இரும்புப் பட்டையும் கிடைத்துவிட்டது. பூட்டில் எண்ணெய் விட்டார்கள். வெறுமனே இடுப்பில் சாத்தி வைத்தால் போதும் என்றார் ஓவியர். கனத்தில் அது நழுவி நழுவி விழுந்தது. "பூட்டிடறேன் ஐயா, அப்போ நிக்கும்," என்று சொன்னது நான்தான். மண்டியிட்டு, சாவியைப் போட்டுத் திருகினேன். எண்பது வருஷமாக யாரும் யாருக்கும் பூட்டாத பூட்டு அது.

"அப்படியே, அப்படியே. அசையாதீங்க," என்றார் அவர். என் கைகளை அப்போதுதான் எழுதினார்.

மூன்று நாள், காலை பத்திலிருந்து வெளிச்சம் போகும்வரை. உங்கள் தாயார் சொன்ன இடத்தில் நின்றாள். முணுமுணுக்கவே இல்லை. இரண்டாம் நாள் ஒரே ஒரு முறை குனிந்து என்னைப் பார்த்தாள். "சாவி உன் கையிலதானே இருக்கு அக்கா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "அப்ப சரி" என்றாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். படம் மார்ச்சில் போயிற்று. மே மாதத்தில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. படம் போன அன்றே நான் அவள் கட்டிலைப் பழைய இடத்துக்கு மாற்றினேன், ஊசியும் நூலும் வாங்கிக்கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை பெரிய டாக்டர் நோட்டைப் புரட்டினார். "இந்த நிலைமையில எப்படி அனுப்பறது? இலையுதிர்காலத்துல பாக்கலாம்," என்று உங்கள் அத்தைக்கு எழுதச் சொன்னார்.

"அமைதியாக இருந்தாள், தைத்தாள்" என்று நான் மறுபடியும் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குள் அவள் உண்மையிலேயே கத்தத் தொடங்கியிருந்தாள். தைத்த விரிப்புகளைத் தேடி எடுத்துச் சிவப்பு எழுத்தையெல்லாம் பிரித்துப் போட்டாள். நோட்டில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் மாதம், புதுநன்மை முடிந்த மறுவாரம், வெள்ளை உடுப்போடு நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும். அத்தை குடை பிடித்திருந்தார். அம்மா தூங்குகிறாள், எழுப்பக்கூடாது என்று ஒரு பணிப்பெண் சொன்னாள். "அப்போ இதை அவங்ககிட்ட குடுத்துடுங்க," என்று சர்க்கரை பூசிய பாதாம் பொட்டலம் ஒன்றை அவளிடம் கொடுத்தீர்கள். முக்காடு கடையில் வாங்கியது என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தப் பொட்டலத்தைக் கொடுத்திருந்தால் நீங்கள் வந்து போனது அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் கொடுக்கவில்லை. தின்னவும் இல்லை. எறும்பு வந்த பிறகு எறிந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஜனவரியில், நெஞ்சுச் சளியில் போனாள். கடைசி வாரம் அமைதியாக இருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போகும்போது உங்களைக் கேட்கவில்லை. தான் கத்துகிறாளா என்றுதான் கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் அவள் நம்பவில்லை.

அந்த நோட்டுகள் அலுவலக அலமாரியில் இன்னும் இருக்கின்றன. பிப்ரவரி இருபத்திரண்டு முதல் பாருங்கள். கோணல் எழுத்து என்னுடையது. இதை அதிகாரிகளிடம் காட்ட வேண்டுமென்றால் காட்டுங்கள். எனக்கு வயது அறுபத்துநாலு. பணியாளர் விடுதியில் எனக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் கடிதம் நாலு, முடியாத முக்காடு ஒன்று அனுப்பியிருக்கிறேன். முக்காட்டின் ஓரத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்து மட்டும் சிவப்பில் இருக்கிறது. வெள்ளை வேண்டுமென்று நீங்கள் எழுதியது அவளுக்குத் தெரியாதல்லவா.

இதையெல்லாம் வாசித்த பிறகு நீங்கள் படத்தை மறுபடி பார்க்கப் போவீர்கள். போனால் என் கைகளைப் பாருங்கள். பூட்டுகிற கைக்கும் திறக்கிற கைக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. வைத்தியர்கள் பார்த்தார்கள், மந்திரி பார்த்தார், பதக்கம் கொடுத்தவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து அங்கே போய் நிற்பேன். சில நாள் பார்க்கப் பார்க்க, நான் திறந்துகொண்டுதான் இருக்கிறேன் என்றே தோன்றும். முகத்தையும் பாருங்கள். அதை ஓவியர் கற்பனையில் எழுதவில்லை, பதினொரு நாள் பார்த்து எழுதினார். அந்த இரக்கம் என்னுடையதுதான். அவளைப் பூட்டும்போதும் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.